கழுத்துக்குப் பின்னால்

வக்குவாவில் இந்த வருடம் இதுவரை
மழை பெய்யாத நாள் பதினேழு.
எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஆலையில் என் வேலை
சட்டைக் கழுத்துக்குப் பின்னால் லேபிள் தைப்பது.
அளவு, நாட்டின் பெயர், துவைக்கும் முறை.
மணிக்கு நூற்று நாற்பது.
என் சொந்தச் சட்டைகளில் ஒரு லேபிளும் கிடையாது.
பிளேடால் நூலை அறுத்து
மிச்சப் பிசிறைத் தீக்குச்சியில் பொசுக்கியாயிற்று.
ஒரு பிசிறு இருந்தாலும்
நாள் முழுக்க வேறெதுவும் காதில் விழாது.

பதினான்கு வயதில், காவடிக்கு,
அம்மா ரோஸ் ஹில்லில் வரிசையில் நின்று வாங்கிய
ரோஜா நிறச் சேலை. சரிகை வைத்தது.
மேளம், கற்பூரம், வெயில், இடுப்பில் சரிகை
எல்லாம் ஒரே உரப்பில், ஒரே நேரத்தில்.
ஆற்றங்கரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.
தம்பி மேவினின் வேட்டியை,
நூறு தடவை துவைத்த பழசு,
யாரோ கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்.
உடம்பு ஓய்ந்தது.
பால்குடம் ஒரு சொட்டுச் சிந்தாமல் படியேறினேன்.
"பாவம், துணி அரிக்கிறது,
இந்தப் பிள்ளைக்கு அப்படித்தான்" என்றார்கள் அத்தைமார்.

அந்த வாக்கியத்துக்குள்
பதினைந்து வருடம் குடியிருந்தேன்.
யாரும் வாடகை கேட்கவில்லை.
முடியை ஒட்ட வெட்டியபோது: சீப்பு வலிக்கிறது, பாவம்.
மாப்பிள்ளை வேண்டாம் என்றபோது: கூட்டம் ஆகாது, பாவம்.

போன மே மாதம், சோற்றுக்கு நடுவில்
"துணி மட்டும் இல்லை, அம்மா" என்றேன்.
அம்மா ரசத்தை மூடிவைத்தாள்.
"துணியாகவே இருக்கட்டுமே" என்றாள்.

ஆட்டிசம் என்று எழுதித் தந்த அதே டாக்டர்,
கந்தோஸ் ஆஸ்பத்திரியில்,
காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:
இது அதனால் வந்ததா?
நல்லவர். மின்விசிறியை நிறுத்தச் சொன்னதும் நிறுத்தியவர்.
எது, எதனால் என்று திருப்பிக் கேட்டேன்.
கிண்டல் என்று நினைத்தார்.
கிண்டல் எனக்கு வராது.
ஓவர்லாக் மெஷினில் நான்கு நூல் ஓடும்.
எது எங்கே போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
ஒன்றை உருவினால் தையல் முழுக்கக் கழன்றுவரும்.
இது உவமை இல்லை, டாக்டர்,
மெஷினில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை.

"ஆண் என்றால் ஆண் என்று சொல்லிவிடேன்" என்கிறான் மேவின்.
அவனுக்கு உதவ ஆசை,
ஒரு பெட்டியிலிருந்து பிரித்து
இன்னொரு பெட்டியில் மடித்துவைக்க.
பெண்கள் பேச்சில் எந்த இடத்தில் சிரிப்பது,
ஆண்கள் கைகுலுக்கினால் எப்போது விடுவது,
இரண்டுமே எனக்குச் சொல்லித்தரப்படாதவை.
பஸ்ஸுக்காவது அட்டவணை ஒட்டியிருப்பார்கள்.

வீட்டில் கிரியோல். அம்மா, கப்பல், நாய்,
நான் அறையைவிட்டுப் போனபின் நான்,
எல்லோரும் ஒரே 'லி'.
பிரெஞ்சில் களைப்பாக இருக்கிறது என்று எழுதக்கூட
ஒரு வால் சேர்க்கலாமா என்று யோசிக்க வேண்டும்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
ஐம்பால் மனப்பாடம் செய்தபோது கண்டுகொண்டேன்:
அவன் வந்தான். அவள் வந்தாள்.
நான் வந்தேன்.
வந்தேனில் பிசிறு இல்லை.
இதைத் தமிழில் எழுதுவதற்கு வேறு காரணம் கிடையாது.

மரிலேன் காலர் பிரிவு.
ஆறு மாதமாக ஒரே மேஜையில் தால் பூரி.
என்ன நீ, ஏன் நீ என்று கேட்டதில்லை.
நேற்று பஸ் நிறுத்தத்தில்
கையைத் தூக்கி, தொடாமல் நிறுத்திக் கேட்டாள்:
"இங்கே தொடலாமா?"
மூன்று வரை எண்ணச் சொன்னேன்.
மெல்ல வேண்டாம், மெல்லத் தொட்டால் எரியும்,
காலருக்கு இஸ்திரி போடுகிற மாதிரி, அழுத்தி.

அழுத்தினாள்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை.
என் பஸ் போயிருக்கிறது, பார்க்கவில்லை.
நாலரைக்குத் தூறல் போட்டது.
பதினேழு, பதினேழாகவே நிற்கிறது.